மரபணு 80 கோடி ஆண்டு என்கிறது, பாறை 57 கோடி என்கிறது. முதல் விலங்கு எப்போதுதான் வந்தது?

சிப்பிப்பித்தன்:

வணக்கம் மக்களே. நான் உயிரியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். இரண்டு பக்கமும் ஒத்துவராத கணக்கைப் பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அப்படி ஒன்று இப்போது சிக்கியிருக்கிறது.

விலங்குகள் எப்போது தோன்றின என்று தேடிப் படித்தேன். மரபணுக்களை ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள், இன்றுள்ள எல்லா விலங்குகளுக்கும் பொதுவான மூதாதை 83 கோடிக்கும் 65 கோடிக்கும் இடையில் எப்போதோ வாழ்ந்தது என்கிறார்கள். பாறையைத் தட்டிப் பார்க்கிறவர்களோ, கண்ணுக்குத் தெரிகிற பெரிய உடல்கள் ஏறக்குறைய 57 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் வருகின்றன என்கிறார்கள். கால், கண், ஓடு என்று நமக்கு அடையாளம் தெரிகிற விலங்குகள் 54 கோடிக்கும் இந்தப் பக்கம்தானாம். எப்படிப் பார்த்தாலும் குறைந்தது 8 கோடி ஆண்டு இடிக்கிறது. டைனோசர்கள் அழிந்து இன்றுவரை ஆனதே 6.6 கோடிதான். அத்தனை காலம் விலங்குகள் எங்கே ஒளிந்திருந்தன? யாரோ ஒரு தரப்பு தப்புத்தானே?

இன்னொன்று. முதலில் கிளை பிரிந்தது கடற்பஞ்சு என்றுதான் படித்த ஞாபகம். இப்போது, ஜெல்லிமீன் போலத் தெரியும் கடல் உயிரான சீப்பு ஜெல்லி என்கிறார்கள். அது என்ன கதை? "பரிணாமம் மெதுவாக நடக்கும்" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம், அதை நிறையக் கேட்டாயிற்று.

ஸ்லைடுக்காரி:

தம்பி, யாரும் தப்பு இல்லை. இரண்டு தரப்பும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், நீங்கள் இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிக் கழித்துப் பார்க்கிறீர்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் ஓர் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை வளர்த்து, ஸ்லைடு போட்டுக் கொடுக்கிற வேலையில் இருப்பவள். பெரிய பட்டம் கிடையாது, கண்ணும் கையும் பழகியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். பாறைப் பக்கத்துக்கு இங்கே ஆள் இருக்கிறார், வருவார்.

மரபணுக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? இரண்டு உயிரினங்களின் ஒரே மரபணுவைப் பக்கத்தில் வைத்து எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணுவார்கள். வயது நன்றாகத் தெரிந்த சில புதைபடிவங்களை வைத்து, இத்தனை மாற்றத்துக்கு இத்தனை காலம் என்று ஒரு வேகத்தைப் பிடிப்பார்கள். அந்த வேகத்தோடு பின்னால் போவார்கள். வேகம் எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருக்காது. பிடித்துக்கொள்ள உதவும் நல்ல புதைபடிவங்கள் பெரும்பாலும் கேம்பிரியன் காலத்துக்கு (நீங்கள் சொன்ன 54 கோடி வாக்கில் தொடங்குவது) இந்தப் பக்கம்தான் கிடைக்கின்றன, அதற்கு அந்தப் பக்கம் போவதெல்லாம் நீட்டிப் போடும் கணக்கு. அதனால்தான் விடை ஒற்றை எண்ணாக வராமல் 83, 65 என்று அகலமாக வருகிறது. அந்த அகலத்தை மறைக்காமல் சொல்கிறார்களே, அதுவே நல்ல விஷயம் என்பேன்.

முக்கியமானது இதுதான்: அந்த எண் சொல்வது இரண்டு வம்சம் பிரிந்த நாளை. பிரிந்த அன்றைக்கு அந்த உயிர் எப்படி இருந்தது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. எலும்பு இல்லை, ஓடு இல்லை, ஒருவேளை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத செல் கூட்டமாக இருந்திருக்கலாம். பாறையோ, ஓர் உடல் பெரிதாகி, புதையத் தக்க இடத்தில் செத்து, கெடாமல் தப்பிய நாளைச் சொல்கிறது. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கத்தான் செய்யும். இல்லாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன்.

சரி, அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும்? இங்கேதான் என் வளர்ப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். கோயனோஃபிளாஜெலேட் என்று ஒரு கூட்டம். வாய் வலிக்கும், கோயனோ என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைச் செல் உயிர்கள். இன்று உயிரோடு இருப்பவற்றில் விலங்குகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் இவைதான். பாசியும் காளானும் அமீபாவும் இதைவிடத் தள்ளிதான்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 40 மடங்கு லென்ஸ், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வெளிச்சம். முட்டை வடிவத்தில் ஓர் உடல், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம் இருந்தால் அதிகம். அதன் தலைமாட்டில் மெல்லிய விரல்களை வட்டமாக நட்டது மாதிரி ஒரு கழுத்துப்பட்டை. வட்டத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு சாட்டை. வெளிச்சத்தைக் கொஞ்சம் தப்பாக வைத்தால் கழுத்துப்பட்டை காணாமல் போய்விடும், வெறும் முட்டைதான் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் "ஒன்றும் இல்லையே அக்கா" என்று நகர்ந்துவிடுவார்கள். சரியாக வைத்தால், சாட்டை அடிக்க அடிக்க நீர் இழுபட்டு வருவதும், கூட வருகிற பாக்டீரியா கழுத்துப்பட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்வதும், மெதுவாகக் கீழே இறங்கி உள்ளே விழுங்கப்படுவதும் தெரியும். கடற்பஞ்சுக்குள் நீரை ஓட்டுகிற செல்லைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும், ஏறக்குறைய அதே முகம். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி ஜேம்ஸ் கிளார்க் என்பவர் இதைக் கவனித்து எழுதிவிட்டார்.

இதில் சால்பிங்கோயிகா ரோசெட்டா என்ற வகை சில நேரம் தனியாகத் திரியும், சில நேரம் பூப்போலக் கூட்டு சேரும். கூட்டு என்றால் வெளியிலிருந்து செல்கள் வந்து ஒட்டிக்கொள்வது இல்லை. ஒரு செல் பிரிகிறது, பிரிந்தவை முழுசாக விலகாமல் நடுவில் ஒரு மெல்லிய பாலம் மிச்சம் வைக்கின்றன. ஒரு கருமுட்டை பிரிந்து உடல் ஆவதும் பிரிந்த செல்கள் விலகாமல் இருப்பதால்தானே. பூ எப்போது உருவாகும் என்பது பல காலம் பிடிபடவில்லை. நிக்கோல் கிங் என்பவரின் ஆய்வகத்தில் ஆண்டிபயாடிக் போட்டு வளர்த்தபோது பூ உருவாவது நின்றுபோனது. பிறகு தண்ணீரில் இருந்த பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்ததில், அல்கோரிஃபேகஸ் என்ற ஒன்று சேர்ந்ததும் பூ திரும்பி வந்தது. அந்த பாக்டீரியா வெளியிடும் ஒரு கொழுப்பு மூலக்கூறுதான் சைகை. 2012இல் வெளியானது.

இதைவிட எனக்குப் பிடித்தது கோயனோயிகா ஃப்ளெக்ஸா. கரீபியன் தீவான குராசோவின் கடலோரப் பாறைக் குழிகளில் கிடைத்தது, 2019இல் அறிவித்தார்கள். கிண்ணம் போல வளைந்த ஒரு செல் விரிப்பு. வெளிச்சம் இருக்கும்போது சாட்டைகள் எல்லாம் உள்பக்கம், இரை தின்றுகொண்டிருக்கும். விளக்கை அணைத்தால் சில நொடிகளில் மொத்தக் கிண்ணமும் உள்வெளியாகத் திரும்பிக்கொண்டு நீந்தப் புறப்பட்டுவிடும். நரம்பு கிடையாது, தசை கிடையாது. ஆனால் ஒவ்வொரு செல்லிலும் நம் தசையை இழுக்கிற அதே ஆக்டின், மயோசின் புரதங்கள்.

இதைச் சும்மா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. செல்லோடு செல் ஒட்டப் பயன்படும் கேட்ஹெரின் குடும்பத்துப் புரதங்கள், செல்கள் தங்களுக்குள் சேதி அனுப்பப் பயன்படும் டைரோசின் கைனேஸ்கள் எல்லாம் விலங்குக்கே உரியவை என்று நினைத்திருந்தார்கள். கோயனோவைத் திறந்து பார்த்தால் அங்கேயும் இருக்கின்றன. காப்சாஸ்போரா என்ற இன்னொரு ஒற்றைச் செல் சொந்தக்காரன் நத்தைக்குள் வாழ்கிறான், அவனிடம், செல்லைப் பிடித்து நிறுத்த உதவும் இன்டெக்ரின் புரதம் இருக்கிறது. அவன் வாழ்நாளில் ஒரு கட்டம் அமீபா, ஒரு கட்டம் கூட்டம், ஒரு கட்டம் உறையிட்ட தூக்கம். ஒரே செல் அடுத்தடுத்துப் போடுகிற வேஷங்கள் அவை. விலங்கு செய்த புதுமை, அந்த வேஷங்களை ஒரே நேரத்தில் ஒரே உடலின் வேறு வேறு இடங்களில் போட வைத்ததுதான் என்று ஒரு கருத்து உண்டு. நான் அந்தக் கட்சி.

ஆக, விலங்குக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் விலங்குக்கு முன்னாலேயே தயார். "முதல் விலங்கு" என்று ஒரு நாள் குறிக்க முடியாததற்குக் காரணமும் அதுவே. இதில் எந்தக் கட்டம் பாறையில் பதியும், சொல்லுங்கள்?

பாறைப்பயல்:

அக்கா கூப்பிட்டாயிற்று, வந்துவிட்டேன்.

பதியாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது அக்கா. சீனாவின் தௌஷன்துவோ பாறையில் 60 கோடி ஆண்டு அளவு பழைய செல் உருண்டைகள் பாஸ்பேட்டில் அப்படியே உறைந்து கிடக்கின்றன. இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிகிற கணக்குக்கூடத் தெரிகிறது. 1998இல் அவை விலங்குக் கருக்கள் என்றார்கள். அப்புறம் ஒருவர் ராட்சத பாக்டீரியா என்றார், இன்னொருவர் விலங்குக்குச் சற்று வெளியே நிற்கும் ஒற்றைச் செல் சொந்தம் என்றார். நீங்கள் சொல்கிற கோயனோ மாதிரி ஆட்களை நினைத்தால் அந்தக் குழப்பம் நியாயமானதுதான். எல்லையே மங்கலாக இருக்கும்போது உருண்டையைப் பார்த்து எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?

சிப்பிப்பித்தன், பெரிய உடல்களுக்கு வருகிறேன். 1957இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் பாறை ஏறப் போன ரோஜர் மேசன் என்ற பள்ளிப் பையன் இலை போன்ற ஒரு பதிவைக் கண்டான். சார்னியா மேசோனி என்று அவன் பெயரையே வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே டீனா நீகஸ் என்ற பள்ளிச் சிறுமி அதைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாறையில் புதைபடிவமே இருக்காது என்று பதில் வந்தது. "இருக்காது" என்று முடிவு கட்டிவிட்டால் கண் முன்னால் இருப்பதும் தெரியாது. 1946இல் ஆஸ்திரேலியாவின் எடியாகரா குன்றுகளில் ரெஜ் ஸ்பிரிக் என்பவர் கண்டெடுத்த இதுபோன்ற பதிவுகளுக்கும் ஆரம்பத்தில் பெரிய வரவேற்பு இல்லை.

வயது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கனடாவின் மிஸ்டேக்கன் பாயின்ட்டில் கடலடியில் நின்றுகொண்டிருந்த கூட்டத்தின் மேல் எரிமலைச் சாம்பல் விழுந்து அப்படியே மூடிவிட்டது. சாம்பலில் சிர்கான் படிகங்கள் இருக்கும். அதற்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். அங்குள்ள பிரபலமான பரப்புக்கு 56.5 கோடி. இதில் நீட்டிப் போடும் கணக்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த இலைகளும் தட்டுகளும் விலங்குதானா? அறுபது, எழுபது ஆண்டு சண்டை. பாசி என்றார்கள், ராட்சத ஒற்றைச் செல் என்றார்கள், பாசியும் காளானும் சேர்ந்து வாழும் லைக்கன் என்றுகூடச் சொன்னார்கள். டிக்கின்சோனியா என்ற ஒன்று உண்டு. நீள்வட்டப் பாய் மாதிரி, மேலே வரிவரியாக. சில 1.4 மீட்டர்வரை வளர்ந்தன, தடிமனோ சில மில்லிமீட்டர்தான். ரஷ்யாவின் வெண்கடல் ஓரப் பாறைச் சரிவுகளில் இதன் பதிவின் மேல் கரிமப் படலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்யா போப்ரோவ்ஸ்கி அந்தப் படலத்தை எடுத்துக் கரைத்து என்ன கொழுப்பு என்று பார்த்தார். சில மாதிரிகளில் ஸ்டீராய்டு மிச்சங்களில் 93 சதவீதம்வரை கொலஸ்ட்ரால் வகை. சுற்றியிருந்த பாறையில் ஓங்கி நின்றதோ பச்சைப்பாசியின் வகை. கொலஸ்ட்ரால் விலங்கின் கையெழுத்து. 2018இல் வெளியான இந்த ஒரு வேலைக்குப் பிறகு, 55.8 கோடி ஆண்டுக்கு முன் விலங்கு இருந்தது என்பதில் சண்டைக்காரர்களில் பாதிப் பேர் ஓய்ந்துவிட்டார்கள்.

இனி எச்சரிக்கை. இந்தத் துறையில் "மிகப் பழைய விலங்கு" என்ற தலைப்பைப் பார்த்தால் கொஞ்ச நாள் காத்திருங்கள். 1998இல் அடால்ஃப் சைலாகரும் பிரதீப் போஸும் இன்னொருவரும் விந்தியப் பாறைகளில், சோர்ஹாட் மணற்கல்லில், புழு ஊர்ந்த தடங்கள் என்று வெளியிட்டார்கள். அப்போது வயது 110 கோடி என்றார்கள். பிறகு சிர்கான் அளந்ததில் 160 கோடி வந்தது. புழு இன்னும் முன்னால் போய்விட்டது, நம்பிக்கை குறைந்துவிட்டது. 2008இல் பஹாமாஸ் கடலடியில் குரோமியா என்ற ஒற்றைச் செல் உயிர் ஊர்ந்து போட்ட தடங்களைக் கண்டார்கள். 3 சென்டிமீட்டர்வரை பெரிய உருண்டை, அதன் தடம் பழைய "புழுத்தடம்" சிலவற்றை உரித்து வைத்திருந்தது. தடம் இருந்தால் புழு இருந்தது என்ற நியாயம் அன்றோடு ஆட்டம் கண்டது.

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா கதை இன்னும் சுவாரசியம். அங்கே குகை மேற்கூரையில் டிக்கின்சோனியா இருப்பதாக 2021இல் கட்டுரை வந்தது. உண்மையானால் அந்தப் பாறைக்கு ஏறக்குறைய 55 கோடி வயது, அதுவரை பலர் சொன்ன நூறு கோடிக் கணக்கு மண்ணாகிவிடும். வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்தது. அந்த "புதைபடிவம்" பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. பகுத்துப் பார்த்தால் மெழுகு. மலைத்தேனீ கூடு கட்டிவிட்டுப் போன இடம். முதலில் கட்டுரை எழுதியவரும் ஏற்றுக்கொண்டார்.

சிப்பிப்பித்தன்:

தேனடையா! சிரித்து முடியவில்லை.

சரி, பிரிந்த நாள் வேறு, பதிந்த நாள் வேறு என்பது புரிகிறது. ஆனாலும் 65 கோடி என்றே வைத்துக்கொண்டாலும், ஏன் அத்தனை காலம் சின்னதாகவே இருந்தன? ஆக்ஸிஜன் போதவில்லை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அது உண்மையா? அக்கா, கடற்பஞ்சு, சீப்பு ஜெல்லி கேள்வியை விட்டுவிட்டீர்களே.

ஸ்லைடுக்காரி:

விடவில்லை, அந்தப் பதிவு ஏற்கெனவே நீண்டுவிட்டது.

ஆக்ஸிஜன் பாதிதான் பதில். டென்மார்க்கில் ஒரு கடற்பஞ்சை எடுத்து ஆக்ஸிஜனைக் குறைத்துக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். இன்றைய காற்றின் அளவில் 0.5 முதல் 4 சதவீதம்வரை இறங்கியும் அது உயிரோடு இருந்தது. 2014இல் வந்த ஆய்வு. ஆகவே சின்னதாக, சும்மா உட்கார்ந்து நீரை வடிகட்டிக்கொண்டு வாழ நிறைய ஆக்ஸிஜன் தேவையில்லை. ஓடவும் துரத்தவும் தடித்த உடல் வளர்க்கவும்தான் அது வேண்டும். சாப்பாட்டையும் கணக்கில் எடுங்கள். 71.7 கோடியிலிருந்து 66 கோடிவரை பூமி ஏறக்குறைய முழுக்கப் பனியில் மூடிக் கிடந்தது. அது உருகிய பிறகு, 65.9 கோடிக்கும் 64.5 கோடிக்கும் நடுவில், கடலில் பாக்டீரியாவின் ராஜ்ஜியம் குறைந்து பாசி பெருகியதைப் பாறையில் தங்கிய கொழுப்பு மிச்சங்கள் காட்டுகின்றன. பாசி என்றால் பெரிய செல், நிறைய சத்து. தின்ன வருகிறவனும் பெரிதாகலாம். எனக்கு ஆக்ஸிஜனைவிட இந்தக் கதைமேல்தான் நம்பிக்கை.

இப்போது சீப்பு ஜெல்லி. கடற்பஞ்சுக்கு நரம்பும் தசையும் கிடையாது, சீப்பு ஜெல்லிக்கு இரண்டும் உண்டு. எளியது முதலில், சிக்கலானது பின்னால் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். 2008இல் நிறைய மரபணுக்களை ஒப்பிட்டபோது சீப்பு ஜெல்லிதான் மற்ற எல்லா விலங்குகளுக்கும் வெளியே போய் நின்றது. கணக்கு முறை கோளாறு என்றார்கள். முறையை மாற்றினால் கடற்பஞ்சு, திரும்ப மாற்றினால் சீப்பு ஜெல்லி என்று பதினைந்து வருஷம் ஓடியது.

2023இல் வேறு வழியில் போனார்கள். எழுத்துகளை எண்ணாமல், எந்த மரபணு எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் கலைத்துவிட்டால் அவை தானாகப் பழையபடி இரண்டாகப் பிரியாது இல்லையா? கடற்பஞ்சிலும், ஜெல்லிமீன் முதலான மற்ற விலங்குகளிலும் சில குரோமோசோம் தொகுப்புகள் அப்படிச் சேர்ந்து கலைந்திருக்கின்றன. சீப்பு ஜெல்லியிலும் ஒற்றைச் செல் சொந்தங்களிலும் அவை இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன. அப்படியானால் சீப்பு ஜெல்லி பிரிந்து போன பிறகுதான் கலைப்பு நடந்திருக்க வேண்டும். இந்த வாதத்தைத் தட்டிவிடுவது கஷ்டம் என்று நினைக்கிறேன், ஆனால் கடற்பஞ்சுக் கட்சிக்காரர்கள் இன்னும் களத்தில் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு இன்னொன்று வந்தது. சீப்பு ஜெல்லியின் நரம்பு வலையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்களுக்கு நடுவில் நம் நரம்புகளில் இருப்பது போன்ற இடைவெளியே இல்லை. சவ்வு ஒன்றோடொன்று இணைந்து ஒரே வலையாக ஓடுகிறது. நரம்பு இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியதா, ஒரு தடவை தோன்றி கடற்பஞ்சு அதைத் தொலைத்ததா என்பது அடுத்த சண்டை. எளிமையாக இருப்பதால் பழையது என்று சொல்லிவிட முடியாது, ஒருவேளை தேவையில்லாததைக் கழற்றிப் போட்டிருக்கலாம்.

வளைக்குள்_நண்டு:

பாறைப்பயல் 54 கோடியைத் தொடாமல் போய்விட்டார், நான் தொடுகிறேன்.

ஓடு திடீரென்று வரவில்லை. கேம்பிரியனுக்கு முன்னாலேயே, 55 கோடி வாக்கில், கிளவுடினா என்று ஒன்று சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு வாழ்ந்தது, ஒன்றுக்குள் ஒன்று செருகிய கூம்புகள். சீனாவில் கிடைத்த குழாய்களில் சிலவற்றில் வட்டமாக ஓட்டை போட்டிருக்கிறது. 1992இல் அதைக் காட்டினார்கள். யாரோ துளைத்துத் தின்றிருக்கிறார்கள், அதற்குத்தான் ஓடு. தின்கிறவன் வந்துவிட்டால் இரையும் கவசம் போடும், மண்ணுக்குள் ஒளியும். கேம்பிரியன் தொடங்கும் கோட்டையே ஓர் உடலை வைத்துக் குறிக்கவில்லை. ட்ரெப்டிக்னஸ் பீடம் என்ற வளையின் தடத்தை வைத்துத்தான் குறித்திருக்கிறார்கள், கனடாவின் ஃபார்ச்சூன் ஹெட் பாறைச் சரிவில். அதுவரை கடலடியில் நுண்ணுயிர் படலம் பாயாக விரிந்து கிடந்தது. தோண்டுகிறவர்கள் வந்து அதைக் கிழித்துப்போட்டார்கள், பாயை நம்பி வாழ்ந்த டிக்கின்சோனியா வகையறாவுக்கு அது கெட்ட காலம்.

கேம்பிரியனில் விலங்குகள் திடீரென்று பெருகின என்கிற "வெடிப்பு" பேச்சில் பாதி, பாறையின் தயவு. சீனாவின் செங்ஜியாங் 51.8 கோடி, கனடாவின் பர்ஜெஸ் ஷேல் 50.8 கோடி. இந்த இரண்டிலும் மெல்லிய சேற்றில் குடல், கண், கால் மயிர்வரை பதிந்திருக்கிறது. அப்படி இரண்டு இடம் கிடைக்காமல் போயிருந்தால் நமக்கு டிரைலோபைட் என்ற பழைய கடற்பிராணியின் ஓடுகள்தான் மிஞ்சியிருக்கும்.

பாறைப்பயல்:

மீதிப் பாதி நிஜமான வெடிப்புதான் நண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். 53.9 கோடியிலிருந்து 52 கோடிக்குள் வளைத்தடங்களின் வகைகள் ஏறுகிற வேகம் பதிவின் கோளாறு இல்லை. தடம் பதிய மெல்லிய சேறு தேவையில்லை, சாதாரண மணலே போதும். மணல் எல்லாக் காலத்திலும் இருந்தது.

சிப்பிப்பித்தன்:

கணக்கு ஒத்துவந்தது. எடுத்த வரியிலேயே இரண்டு வேறு தலைப்புகளைக் கலந்திருக்கிறேன். அக்கா, கடைசியாக ஒன்று: அந்தக் கோயனோவை நான் பார்க்க முடியுமா?

ஸ்லைடுக்காரி:

பார்க்கலாம். கடலிலும் குளத்திலும் எங்கும் இருக்கும். அடியில் கிடக்கிற அழுகல் இலையோ பாசியோ கொஞ்சம் நீரோடு சேர்த்து எடுங்கள், மூடியைத் தளர்த்தி இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள், பாக்டீரியா பெருகினால் இவையும் பெருகும். துளி போட்டு, கண்ணாடி மூடி, 40 மடங்கு லென்ஸில் பாசி இழைகளின் ஓரத்தைத் தேடுங்கள், காம்பு வைத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இல்லையென்றால் கீழே இருக்கிற துவாரத்தை நன்றாகக் குறுக்குங்கள், கழுத்துப்பட்டை மங்கலாகவாவது தெரியும். அதுவும் தெரியாவிட்டால், சின்னத் துகள்கள் ஒரு முட்டையை நோக்கியே இழுபட்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதுவாக இருக்க வாய்ப்புண்டு, படம் எடுத்து இங்கே போடுங்கள்.